ஜமுனாமரத்தூரில் கடல் தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க நான் ஜவ்வாது மலைமேல் உட்கார்ந்து கடல் தண்ணீரில் வாழும் உயிர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கடற்கரை ஊர் ஒன்றில் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. எட்டாம் மாதத்தில் பெண் குழந்தை வயிற்றிலேயே இறந்து, அப்புறம் பிறந்தது. அதைப் பற்றி அப்போது என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். இப்போதும் அதிகம் சொல்ல வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பால் வற்றுவதற்காக நர்ஸ் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். வலித்தது. அழுகை வரவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நான் அழுவதற்காகக் காத்திருந்தார்கள். நான் அழாததால் என்ன செய்வதென்று தெரியாமல், காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

மாமியார் மட்டும் மனதில் இருந்ததை வாய்விட்டுச் சொன்னார். "அந்தச் சாக்கடைத் தண்ணியையும் மருந்தையும் கையால அளைஞ்சா வயித்துல எப்படிம்மா தங்கும்?"

அவர் மருந்து என்றது ஃபார்மலினை. தண்ணீரில் பிடித்த உயிர்கள் அழுகிவிடாமல் இருக்க அதை ஊற்றுவோம். கையுறை எல்லாம் அப்போது எங்களுக்குக் கிடையாது. வெறுங்கைதான். கண் எரியும், மூக்கு எரியும், துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம். மாமியார் சொன்னது தப்பு என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சரி என்று சொல்லவும் இல்லை. டாக்டரைக் கேட்டதற்கு, "சில சமயம் இப்படி ஆகும்மா" என்றார்.

என் அக்கா வந்து என்னை அழைத்துப்போனாள். எங்களுக்குச் சொந்த ஊர் ஆலங்காயம். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், மேலே ஜமுனாமரத்தூரில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். சங்கத்துக் கிடங்குக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு ஓட்டு வீடு. கிளம்புவதற்கு முன் ஆய்வுக்கூடத்துக்குப் போய் என் வழிகாட்டிப் பேராசிரியரைப் பார்த்தேன். "மூணு மாசம் எதையும் நினைக்காம இரு" என்றார். "எண்ணாத பாட்டில்கள் நிறைய பாக்கி இருக்கு சார். எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டேன். அவர் அலமாரியைத் திறந்து, யாரும் தொடாமல் கிடந்த பழைய மைக்ராஸ்கோப் ஒன்றை எடுத்துத் தந்தார். ஒற்றைக் கண் வைத்துப் பார்ப்பது. கீழே கண்ணாடி இருக்கும், பகல் வெளிச்சம் போதும், கரண்ட் வேண்டாம்.

மரப்பெட்டியில் வைக்கோல் வைத்துப் பாட்டில்களை அடுக்கினோம். ஆலங்காயத்திலிருந்து மலை ஏறுகிற பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். வளைவு திரும்பும்போதெல்லாம் அக்கா ஒரு கையால் என் வயிற்றை அணைத்துக்கொண்டாள். பிறகு நினைவு வந்ததுபோல் கையை எடுத்துக்கொண்டாள்.

வேலை எளிமையானது. கடலில் மூன்று இடங்களில் மாதாமாதம் படகில் போய்த் தண்ணீர் எடுத்திருந்தோம். ஒன்று, ஊர்ச் சாக்கடையும் வயல்களில் போட்ட உரமும் ஆற்றோடு வந்து கலக்கிற முகத்துவாரம். இன்னொன்று, ஒரு தொழிற்சாலையின் கழிவுக்குழாய் கடலுக்குள் இறங்குகிற இடம். மூன்றாவது, கரையிலிருந்து தள்ளி, இரண்டும் எட்டாத ஆழக்கடல். ஒரு மில்லி தண்ணீர் பிடிக்கிற, கட்டம் கீறிய கண்ணாடித் துண்டில் தண்ணீரை விட்டு, கட்டம் கட்டமாகப் பார்க்க வேண்டும். எந்த உயிர், எத்தனை. கையில் ஓர் எண்ணும் கருவி. கட்டைவிரலால் அமுக்கினால் எண் ஒன்று ஏறும்.

வடக்கு ஜன்னல் ஓரம் மேஜை போட்டுக்கொண்டு காலையில் வெளிச்சம் வந்ததும் உட்காருவேன். மேகம் மூடினால் நிறுத்துவேன். விலகினால் தொடருவேன். அக்கா சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். சாமைச்சோறு ஆறிக் கட்டியாகிப் போயிருக்கும். அதைச் சாப்பிட்டேனா இல்லையா என்பது தட்டைப் பார்த்தால்தான் எனக்கே தெரியும்.

"இன்னாடி இது, இங்க வந்தும் அதே வேலை. நாலு வூட்டுக்குப் போய்ட்டு வா, மனுஷங்ககிட்ட பேசு" என்பாள் அக்கா.

"இது முடியட்டும்க்கா" என்பேன்.

முடியக்கூடாது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். எண்ணும்போது வேறு எதுவும் தோன்றாது. அதற்காகத்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தேன்.

பார்க்கிறதற்கு ஆழக்கடல் தண்ணீர்தான் அழகு. எண்ணிக்கை குறைவு, வகை நிறைய. டயாட்டம் என்கிற பாசி வகைகள் தங்களைச் சுற்றிக் கண்ணாடியாலேயே ஓடு கட்டிக்கொள்கின்றன. வட்டம், ஊசி, படகு, சங்கிலி என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். முகத்துவாரத்துத் தண்ணீர் நேர்மாறு. உரச்சத்து வந்து சேர்ந்ததும் வேகமாகப் பெருகத் தெரிந்த ஓரிரண்டு வகை மட்டும் கண்ணாடித் துண்டு முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும், கட்டைவிரல் வலிக்கும். அந்தப் பெருக்கமும் நீடிக்காது. உரம் எவ்வளவு வந்தாலும், ஓடு கட்டத் தேவையான சிலிக்கா அந்த வேகத்துக்கு வந்து சேராது. அது தீர்ந்ததும் டயாட்டங்கள் அடங்கிவிடும். ஓடு தேவைப்படாத, வாலசைத்து நீந்துகிற வேறு வகைகள் அந்த இடத்தைப் பிடிக்கும். பிறகு அவையும் செத்து அடியில் விழும். அதைத் தின்ன பாக்டீரியா பெருகும். அவை தண்ணீரில் இருக்கிற ஆக்ஸிஜனை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒரு காலை நேரத்தில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு கரையில் ஒதுங்கும்.

தொழிற்சாலைக் குழாய்க்குப் பக்கத்தில் எடுத்த தண்ணீரில் ஒன்றுமே இருக்காது என்று ஆரம்பத்தில் எல்லாரும் நினைத்தோம். நானும்தான். அங்கே செம்பும் பாதரசமும் கலக்கின்றன. ஆனால் அங்கும் இருந்தன. பெரும்பாலானவை செத்தபின் மிஞ்சிய சில. டயாட்டத்தில் ஒரு வகை தன்னைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு சவ்வை விட்டுக்கொள்ளும். செம்பு அதில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகாது. பாக்டீரியா இன்னும் கெட்டி. சில வகை பாதரசத்தை ஆவியாக்கி உடம்புக்கு வெளியே தள்ளிவிடும். அந்த வித்தையைப் பக்கத்தில் இருக்கிற வேறு பாக்டீரியாவுக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடும். அதற்குப் பெற்ற பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதில்லை. இதை முதன்முதலில் படித்தபோது ஆய்வுக்கூட வராந்தாவில் ஓடிப்போய் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னவள் நான். மலையில் உட்கார்ந்து எண்ணியபோது அந்தச் சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இருக்கிறது, இத்தனை இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

பக்கத்து ஊர்க்காரப் பெண் ஒருத்தி அக்காவுக்குச் சாமை குத்திக் கொடுக்க வருவாள். மலைக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். சந்தை நாளில் புளி விற்க வந்தால் கூடையை எங்கள் வாசலில் இறக்கிவைத்துவிட்டுத்தான் போவாள். ஒருநாள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "தங்கச்சி, நானும் பாக்கட்டா?" என்றாள்.

எழுந்து இடம் விட்டேன். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். ரொம்ப நேரம் எழவில்லை.

"உடைஞ்ச வளையல் மாதிரி கீது. உசுரோட கீதா?"

"இல்லக்கா. மருந்து போட்டு வச்சது. செத்துப் போச்சு."

"செத்ததை எண்ணி இன்னா பண்ணுவ?"

"உசுரோட எத்தனை இருந்துச்சுன்னு தெரியும்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எனக்கும் ரெண்டு போச்சு தங்கச்சி" என்றாள். பிறகு உலக்கையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். நான் கண்ணாடித் துண்டைக் கழுவி அடுத்த பாட்டிலைத் திறந்தேன்.

ஆவணிக் கடைசியில் என் கணவர் வந்தார். அவர் பேங்க்கில் வேலை பார்த்தார். வெறுங்கையோடு வரவேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பேராசிரியரைக் கேட்டிருக்கிறார். அவர் ஒரு பிளாஸ்டிக் கேன் நிறைய ஆழக்கடல் தண்ணீரும், ஒரு டப்பாவில் குழாய்க்குப் பக்கத்துக் கடலடிச் சேறும் கொடுத்து அனுப்பியிருந்தார். மலையில் அந்தக் காலத்தில் சாராயம் காய்ச்சுவது அதிகம். ஏறுகிற வழியில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். சட்டைப்பையில் பேனா வைத்த ஒருவர் காலடியில் வெள்ளைக் கேனோடு உட்கார்ந்திருந்தால் விடுவார்களா?

நடந்ததை அவர்தான் அன்று சாப்பிடும்போது சொன்னார்.

"இன்னாயா இது?"

"தண்ணி சார்."

"தண்ணின்னுதான் எல்லாரும் சொல்றான். எறங்கு."

"கடல் தண்ணி சார். என் வீட்டுக்காரிக்கு எடுத்துட்டுப் போறேன்."

பஸ்ஸே சிரித்திருக்கிறது. போலீஸ்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். வாடை இல்லை. அதனால் சந்தேகம் இன்னும் அதிகமாகி, மூடியில் கொஞ்சம் ஊற்றி வாயில் விட்டுவிட்டார். மறு நொடியே ரோட்டோரம் துப்பி, "உப்புயா!" என்று கத்தினார். மலைக்குக் கீழே சமவெளியிலேயே வேலை பார்த்திருந்தும் அதுவரை அவர் கடலைப் பார்த்ததில்லையாம். போகவிடும்போது, "இத்த வச்சிக்கினு அந்தம்மா இன்னா பண்ணும்?" என்று கேட்டிருக்கிறார்.

மாமா சிரித்துச் சிரித்துப் புரையேறினார். அக்காவும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பான விஷயம் என்று தெரிந்தது. என் கணவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்தபோதும் பார்த்தார். "பத்திரமாக் கொண்டுவந்தீங்களே" என்றேன். அவர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

இரண்டு நாள் இருந்தார். ஒருநாள் மாலை நாங்கள் இருவரும் கிடங்குக்குப் பின்னால் இருந்த குட்டை வரைக்கும் நடந்தோம். அவர், "வீட்டுல எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டேன். நீ வர்றப்ப எதுவும் கண்ணுல படாது" என்றார். குழந்தைக்கு என்று வாங்கி வைத்த துணிகளைச் சொல்கிறார் என்று புரிந்தது. "சரிங்க" என்றேன். அவர் குட்டைக்கரையில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் தோளில் கை வைக்க வேண்டும் என்று தெரிந்தது. வைத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

அவர் போனபின் சேற்றைக் கண்ணாடி ஜாடியின் அடியில் பரப்பி, மேலே கடல் தண்ணீரை மெதுவாக ஊற்றி ஜன்னலில் வைத்தேன். சில டயாட்டங்கள் தண்ணீர் கெட்டுத் தாங்க முடியாமல் போகும்போது கனமான ஓடு ஒன்றைக் கட்டிக்கொண்டு, அடியில் சேற்றுக்குள் போய்ப் படுத்துவிடும். சாவது இல்லை. வளர்வதும் இல்லை. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெளிச்சமும் நல்ல தண்ணீரும் கிடைத்தால் மறுபடி பிரிந்து பெருகும். குழாய்க்குப் பக்கத்துச் சேற்றில் அப்படி ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்பதைத்தான் பேராசிரியர் பார்க்கச் சொல்லியிருந்தார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சேற்றின்மேல் ஒரு பழுப்புப் படலம் வந்தது. கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன். மலைக்கு வந்தபின் நான் பார்த்த முதல் உயிருள்ள கடல் உயிர்கள். படகு வடிவ டயாட்டங்கள் கண்ணாடித் துண்டில் முன்னும் பின்னும் நகர்ந்தன. எண்ணினேன். அதே நேரம் ஜாடிக்கு அடியில் சேறு கறுத்துக்கொண்டே வந்தது. காற்று இல்லாமல் வாழ்கிற பாக்டீரியாவின் வேலை அது. அழுகின முட்டை நாற்றம் வீடு முழுக்க. அக்கா மூக்கை மூடிக்கொண்டு, "இத்த ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் தூக்கிக் கொட்டப் போறேன் பாரு" என்றாள்.

புரட்டாசியில் மழை விட்டு வெயில் காய்ந்தது. குட்டையில் தண்ணீர் குடித்த ஆடுகள் சாக ஆரம்பித்தன. முதலில் ஒன்று. பிறகு ஒரே நாளில் பல. அவற்றில் சாமை குத்த வருகிற பெண்ணின் ஆடுகளும் இருந்தன. நடுங்கிக்கொண்டு விழுந்து, வாயில் நுரை தள்ளி, பொழுதுக்குள் செத்தன. மலையில் ஓடையில் மீனை மயக்கிப் பிடிக்க ஒருவகை நச்சுக் காயை இடித்துக் கலக்குவார்கள். அந்தப் பெண்ணின் கொழுந்தன் அதில் கெட்டிக்காரன். அவனுக்கும் பங்காளிகளுக்கும் நிலத்தகராறு வேறு இருந்தது. அவன்தான் குட்டையில் மருந்து கலக்கிவிட்டான் என்று பேச்சு கிளம்பி, அவனைப் பிடித்து அடித்து, பஞ்சாயத்துக்குக் கட்டிவைத்துவிட்டார்கள்.

அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாள். "அவன் பண்ல தங்கச்சி. எங்க ஆடும்தான செத்துச்சு. எவன் கேக்கறான்?"

நான் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போனேன். காற்று ஒதுக்குகிற மூலையில் தண்ணீர்மேல் பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியதுபோல் ஏடு படர்ந்திருந்தது. எடுத்துவந்து ஒரு துளியை வைத்துப் பார்த்தேன். நீலப்பச்சைப் பாசி. உருண்டை உருண்டையாக, கட்டத்துக்குள் இடமில்லாமல். வேறு எதுவுமே இல்லை. முகத்துவாரத்தில் கடலுக்கு நடப்பதேதான் இங்கே ஒரு குட்டைக்கு நடந்திருந்தது. இதில் சில வகை நஞ்சு விடும். கால்நடை குடித்தால் சாகும்.

இவ்வளவு பாசிக்குத் தீனி எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஜன்னலிலிருந்தே தெரிந்தது. சங்கத்துக்கு அந்த வருடம் நிறைய உரமூட்டை வந்திருந்தது. கிடங்கில் இடம் போதாமல் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு அடுக்கியிருந்தார்கள். மழையில் பாதி மூட்டை கரைந்து சரிவில் இறங்கிக் குட்டைக்குப் போயிருந்தது. போதாததற்கு, காலிச் சாக்குகளைப் புளி கட்டுவதற்காகச் சனங்கள் அந்தக் குட்டையிலேயே அலசினார்கள்.

மாமா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"இதை வெளிய சொல்லாதம்மா. மூட்டை என் பொறுப்பு. எடம் இல்லன்னு நான் சொன்னதை எவனும் காதுல வாங்கல. இப்ப எல்லாம் என் தலைல வுழும்."

"அந்த ஆளைக் கட்டி வச்சிருக்காங்க மாமா."

"ரெண்டு நாள்ல அவுத்து வுட்டுடுவாங்க. அவங்க ஊரு விஷயம், அவங்க பாத்துப்பாங்க."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "உனக்குச் சோறு போடற வூடுடி இது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னாள்.

நான் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பஞ்சாயத்து நடந்த மரத்தடிக்குப் போனேன். இதைத் தைரியம் என்று பின்னாளில் என் கணவர் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். தைரியம் இல்லை. பயம் வந்து, அதை அடக்கிக்கொண்டு போனால்தானே தைரியம். எனக்குப் பயமே வரவில்லை. அக்கா வீட்டில் இனி இருக்க முடியாமல் போகலாம், மாமாவின் வேலைக்கு ஆபத்து எல்லாம் தெரிந்தது. எதுவும் உள்ளே இறங்கவில்லை. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, ஒரு கல்லின்மேல் கருவியை வைத்து, கண்ணாடியைத் திருப்பினேன்.

அந்தக் கொழுந்தன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "நீ இன்னாம்மா இங்க?" என்றார்.

"ஆட்டைக் கொன்னது இதுதாங்க. வந்து பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "பாசி" என்றார்.

"விஷப் பாசிங்க. உரம் கரைஞ்சு குட்டைக்குப் போச்சு. அதைத் தின்னுட்டு இது பெருகுச்சு. யாரும் எதுவும் கலக்கல."

"உரம் எங்கருந்து போச்சு?"

"சங்கத்து மூட்டையிலிருந்து."

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்தார்கள். எல்லாரும் நம்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். பங்காளிகளில் ஒருவன், "கண்ணாடில இன்னா வேணா காட்டலாம்" என்றான். ஆனால் பெரியவர் நாலு பேரை அழைத்துக்கொண்டு கிடங்குக்குப் பின்னால் போய், கரைந்த மூட்டைகளையும் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்த சரிவையும் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் கட்டை அவிழ்க்கச் சொன்னார். குட்டையைச் சுற்றி முள் வெட்டிப் போட்டார்கள். அப்புறம் நல்ல மழை பெய்து தண்ணீர் வழிந்து ஓடுகிற வரைக்கும் ஆடுமாடுகளை ஓடைக்கு ஓட்டினார்கள்.

கீழேயிருந்து அதிகாரிகள் வந்து மாமாவைக் கேள்வி கேட்டார்கள். மூட்டைகளைப் பள்ளிக்கூடத்துக் காலி அறைக்கு மாற்றினார்கள். மாமாவுக்கு வேலை போகவில்லை. ஆனால் வரவேண்டிய பதவி உயர்வு அந்த முறை வரவில்லை. அவர் என்னிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே இருந்தார். அக்கா தட்டை வைக்கும்போது சத்தமாக வைத்தாள். ஒருநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது ஜன்னலில் ஜாடி இல்லை. பின்னால் வாழைமரத்தடியில் சேறும் தண்ணீரும் கொட்டியிருந்தன. கொஞ்ச நாளில் அந்த வாழை இலை ஓரம் கருகிப் பழுத்தது. உப்பு வாழைக்கு ஆகாது.

ஒரு வாரம் கழித்து ஒரு பகலில், எண்ணிக்கொண்டிருந்தபோது, அக்கா பின்னால் வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இப்டி கல்லு மாதிரி இருந்தா நான் உன்னை இன்னாடி பண்ணுவேன்" என்று அழுதாள். அவள் வயிறு குலுங்குவது என் காதில் கேட்டது. என் கை எண்ணும் கருவியில் இருந்தது. விரல் தன்னால் ஒருமுறை அமுக்கிவிட்டது. எண் ஒன்று ஏறிவிட்டதால் அந்தக் கண்ணாடித் துண்டை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது.

மார்கழிப் பனியில் கடைசிப் பாட்டிலும் முடிந்தது. என் கணவர் அழைத்துப்போக வந்தார். புறப்படுகிற அன்று அந்தப் பெண் ஒரு படி சாமையும் கொஞ்சம் தேனும் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கொழுந்தன் தூரத்தில் வேலி ஓரம் நின்றுகொண்டிருந்தான், கிட்டே வரவில்லை. மாமா பெட்டியைத் தலையில் வைத்துப் பஸ் வரைக்கும் தூக்கிவந்தார். "போய்ட்டு லெட்டர் போடும்மா" என்றார். புரட்டாசிக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

கீழே ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் வாணியம்பாடி பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். பக்கத்துக் கடையில் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பசித்தது. எவ்வளவோ காலம் கழித்து, வயிறு தானாக வந்து கேட்ட பசி. "போண்டா வேணும்" என்றேன். அவர் ஓடிப்போய் வாங்கி வந்தார். நின்றபடியே தின்றேன். இன்னும் வேணும் என்றேன். மறுபடி ஓடினார். சட்னி கையில் வழிந்து முழங்கை வரைக்கும் போயிற்று. அவர் கைக்குட்டையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஆய்வேடு முடிந்தது. பட்டம் கிடைத்தது. மாசுக் கட்டுப்பாட்டு வேலையில் சேர்ந்து வெவ்வேறு முகத்துவாரங்களில் ஓய்வு பெறும் வரைக்கும் தண்ணீர் எடுத்தேன். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. அழுகை எப்போது வந்தது என்று கேட்டால், அது வந்தது வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம். படகில் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு வாந்தி வந்து, பாசி அரிக்கிற வலையை அவள் கையிலிருந்து நான் வாங்கி இழுத்தபோது. ஏன் அன்றைக்கு என்று எனக்கும் தெரியாது, கடல் அமைதியாகத்தான் இருந்தது. படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, நான் அழுது முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.